தகர டப்பாவின் விலை



சென்ற மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. மாலைத் திருப்பலி முடிந்து, ஆலயக் கதவைச் சாத்திவிட்டுக் குருமனைக்குத் திரும்பினோம். திண்ணையில் நம் பங்கைச் சேர்ந்த ஓர் அம்மாள் அமர்ந்திருந்தார். மடியில் பழைய பிஸ்கட்டுத் தகர டப்பா ஒன்று. மூடி கழன்றுவிடாதபடி சேலைக் கிழிசலால் கட்டியிருந்தார்.

"ஏனுங்க சாமி, இது என்ன விலை போகும்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

அவருடைய கணவரை அடக்கம் செய்து அப்போது நான்கு மாதங்களே ஆகியிருந்தன. மேட்டுப்பாளையம் சாலையில் மிதிவண்டியில் சென்று, நூற்பாலை ஒன்றில் இருபது ஆண்டுகள் உழைத்தவர். ஆலை மூடப்பட்ட பிறகு பம்புசெட் பட்டறையில் வேலை பார்த்தவர். ஞாயிறு தோறும் பக்கவாட்டுக் கதவருகே கடைசி பெஞ்சில் அமர்வார். முடிந்ததும் ஒரு தோத்திரம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதிகம் பேசி நாம் கேட்டதில்லை.

டப்பாவைத் திறந்தோம். உள்ளே நாளிதழ்களிலிருந்து வெட்டியெடுத்த படங்கள், நான்காக மடித்த நடுப்பக்க வண்ணப்படங்கள், ஓரம் மக்கிய தாள்கள் ஆகியவை இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே மனிதர். குள்ளமான உருவம், அடர்ந்த மீசை, மட்டையைச் சுழற்றிப் பந்தைப் பக்கவாட்டில் வெட்டியடிக்கும் தோற்றம். கிரிக்கெட் வீரர் குண்டப்பா விசுவநாத்!

நமக்குச் சிரிப்பு வந்தது. நம் சிறுவயதில் நாமும் அப்படி வெட்டி ஒட்டியவர்களே. 'ஸ்போர்ட்ஸ்டார்' இதழ் 1978இல் வெளிவரத் தொடங்கியபோது, அதன் நடுப்பக்கப் படத்துக்காக முடிதிருத்தும் கடையில் காத்துக்கிடந்திருக்கிறோம். குருமடத்தில் சேர்ந்தபோது அந்த நோட்டுப் புத்தகம் வீட்டுப் பரணில் தங்கிவிட்டது. பிறகு அதைத் தேடவில்லை.

"விலை எதற்கம்மா?" என்று கேட்டோம். அமெரிக்காவில் இருக்கும் மகள் கைப்பேசியில் சொன்னாராம். அங்கே விளையாட்டு வீரர் படம் போட்ட ஒரு சின்ன அட்டை கோடிக்கணக்கில் விலை போயிருக்கிறதாம். ஆகவே அப்பாவின் டப்பாவை எறிந்துவிட வேண்டாம் என்றாராம்.

மகள் சொன்னது பொய்யன்று. நாமும் நமக்குத் தெரிந்ததை அந்த அம்மாளுக்கு விரிவாக எடுத்துச் சொல்லத் தொடங்கினோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க வியாபாரிகள், சிகரெட்டு நசுங்கிப் போகாமலிருக்கப் பெட்டிக்குள் ஒரு தடித்த அட்டையை வைத்தார்கள். அந்த அட்டை வெறுமையாக ஏன் இருக்க வேண்டும் என்று அதில் படம் அச்சிட்டார்கள். அவர்களுடைய நாட்டு விளையாட்டான பேஸ்பால் வீரர்களின் படங்களுக்கு மிகுந்த வரவேற்பு. எண்ணிட்டு வரிசையாக வெளியிட்டால், வரிசை நிறையும் வரை மக்கள் வாங்கிக்கொண்டே இருப்பார்கள் அல்லவா? வியாபாரத்தின் சூட்சுமம் அதுதான். இங்கிலாந்திலும் கிரிக்கெட் வீரர்களின் படங்கள் இவ்வாறே சிகரெட்டோடு வந்தன. பிற்காலத்தில் சிகரெட்டின் இடத்தைச் சூயிங்கம் பிடித்தது.

ஹோனஸ் வாக்னர் என்பவர் அக்காலத்தின் மிகப் பெரிய பேஸ்பால் வீரர். 1909க்கும் 1911க்கும் இடையே ஒரு புகையிலைக் கம்பெனி வெளியிட்ட வரிசையில் தம் படம் வருவதை அவர் தடுத்துவிட்டார். தம் படத்துக்காகச் சிறுவர்கள் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பர் சிலர். தமக்குரிய பணம் தரப்படவில்லை என்பதே காரணம் என்பர் வேறு சிலர். எதுவாயினும், அச்சாகி வெளிவந்த அட்டைகள் மிகச் சில. அவற்றுள் ஒன்று 2022இல் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விலை போயிற்று. அதே ஆண்டில் மிக்கி மேண்டில் என்ற வீரரின் 1952ஆம் ஆண்டு அட்டை ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விற்றது. நம் கணக்கில் ஏறத்தாழ நூறு கோடி ரூபாய்!

அந்த 1952ஆம் ஆண்டு அட்டைகளின் கதை வேடிக்கையானது. அவற்றை வெளியிட்ட டாப்ஸ் நிறுவனத்திடம் விற்காத கட்டுகள் கிடங்கை அடைத்துக் கிடந்தன. 1960இல் அவற்றைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டதாக, அந்நிறுவனத்தில் பணியாற்றிய சை பெர்கர் கூறியிருக்கிறார். மக்களிடம் இருந்தவற்றிலும் பெரும்பகுதி, பிள்ளைகள் வளர்ந்த பின் தாய்மார்கள் குப்பையில் போட்டவை. இன்று கோடிகள் கொடுப்பது படத்தின் அழகுக்காக மட்டுமன்று. மற்றவையெல்லாம் அழிந்துபோயின என்பதற்காகவே பெரும்பங்கு விலை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு நாம் தீர்ப்பு வழங்கினோம்: "அம்மா, நம் ஊர்க் கதை வேறு. விசுவநாத் ஆடிய நாளில் அமெரிக்காவைப் போல இங்கே அட்டை வரிசைகள் பெருகவில்லை. சூயிங்கத்தோடு கிரிக்கெட் படங்கள் பரவியது 1987 உலகக் கோப்பையை ஒட்டிய ஆண்டுகளில். அதற்குள் இவர் ஓய்வுபெற்றுவிட்டார். இதில் இருப்பவையெல்லாம் பத்திரிகைத் தாள்கள். கடையில் கொடுத்தால் நூறு ரூபாய்கூடப் பெறாது."

அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். பணம் கிடைக்காத ஏமாற்றம் என்று எண்ணினோம். நிமிர்ந்தபோது கண்கள் நிறைந்திருந்தன.

"பணத்துக்குக் கேக்கலீங்க சாமி. நான் எடைக்குப் போட்டது எவ்வளவு பெறும்னு தெரியணும்னுதான் கேட்டேன்."

பிறகு அவர் சொன்னதை அவருடைய இசைவோடு இங்கே எழுதுகிறோம். ஆலை மூடப்பட்ட ஆண்டு. இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணம் கட்டவேண்டிய மாதம். கணவரோ வேலை தேடி அலைந்துவிட்டு, மாலையில் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பையை இழுத்துப் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். ஒருநாள் ஆத்திரத்தில், அவர் வெளியே போயிருந்தபோது, அந்தப் பையைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார். கிடைத்த காசுக்கு மண்ணெண்ணெய் வாங்கினார். டப்பாவில் இருந்தவை அலமாரியின் மேல் இருந்ததால் தப்பின.

"வந்தாருங்க. கட்டிலுக்கடியில பார்த்தாரு. ஒண்ணும் சொல்லலை. கைகால் கழுவிட்டுச் சோறு உண்டாரு. படுத்துட்டாரு. ஒரு வார்த்தை திட்டியிருந்தா எனக்கு அன்னிக்கே ஆறியிருக்கும். சாகிற வரைக்கும் அதைப் பத்தி ஒரு பேச்சு இல்லீங்க."

நாம் வாயடைத்துப் போனோம். இந்தத் தாள்கள் விலைமதிப்பற்றவை என்று சொன்னால், அவர் செய்த தவறு மலையாகிவிடும். ஒன்றுமில்லாதவை என்று சொன்னால், அந்த மனிதர் ஆயுள் முழுதும் போற்றியது ஒன்றுமில்லை என்றாகிவிடும். இரண்டாவதை நாம் சற்று முன்புதான் ஒரு பிரசங்கம் போலச் சொல்லி முடித்திருந்தோம்! கேட்டவரின் மனத்தை அறியாமல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் பழக்கம் குருக்களுக்கு உண்டு. அதற்காக அந்த அம்மாளிடம் அன்றே மன்னிப்புக் கேட்டோம்.

செய்வதறியாது படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஒன்றின் பின்புறம் நம் கண்ணில் பட்டது. பென்சிலால் சில சொற்கள். அடுத்ததைத் திருப்பினோம். அதிலும் எழுத்து. ஒவ்வொன்றின் முதுகிலும் அந்தப் பேசாத மனிதர் ஏதோ எழுதி வைத்திருந்தார். அந்த அம்மாளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவே வரும். கணவரின் கையெழுத்தை அவர் படித்துப் பார்த்ததேயில்லை. விளக்கடியில் அமர்ந்து ஒவ்வொன்றாக வாசித்தோம்.

ஒரு படத்தின் பின்னால்: "11.1.1975. சேப்பாக்கம். நேரில். 97. மூன்று குறைவு. போதும்."

அந்த நாளை அறியாத இளையோருக்காகச் சொல்கிறோம். அந்தத் தொடரில் மேற்கிந்தியத் தீவுகளிடம் முதலிரண்டு டெஸ்டுகளில் இந்தியா தோற்றிருந்தது. மூன்றாவதைக் கல்கத்தாவில் வென்று மதராசுக்கு வந்தது. ஆண்டி ராபர்ட்ஸ் என்ற வேகப் பந்துவீச்சாளர் அன்று 64 ஓட்டங்கள் கொடுத்து 7 விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஒருபுறம் ஒவ்வொருவராக வெளியேற, மறுபுறம் விசுவநாத் நின்றார். கடைசி ஆட்டக்காரரான சந்திரசேகர் ஆட்டமிழந்தபோது அணியின் மொத்தம் 190. விசுவநாத் ஆட்டமிழக்காமல் 97. பின்னர் பிரசன்னாவின் சுழற்பந்து இரண்டு இன்னிங்ஸ்களிலுமாக 9 விக்கெட்டுகளை வீழ்த்த, இந்தியா 100 ஓட்டங்களில் வென்றது.

விசுவநாத் ஆடிய டெஸ்டுகள் 91, எடுத்த ஓட்டங்கள் 6,080, சதங்கள் 14. அட்டை அச்சிடுவோர் பின்பக்கத்தில் இதைத்தான் அச்சிடுவார்கள். அந்தப் பதினான்கில் சேப்பாக்கத்து 97க்கு இடமில்லை. ஆனால் நீலகிரி எக்ஸ்பிரஸில் முன்பதிவு இல்லாமல் நின்றுகொண்டே போய், வெயிலில் அமர்ந்து பார்த்த இருபத்திரண்டு வயது ஆலைத் தொழிலாளிக்கு அந்தப் பதினான்கைவிட இதுவே பெரிது. மூன்று குறைந்ததை அவர் மறைக்கவில்லை. "போதும்" என்றார்.

இன்னொன்றின் பின்னால்: "பொங்கல் 1982. மதராஸ். 222. போக முடியவில்லை. பாப்பா பிறந்தாள்." இங்கிலாந்துக்கு எதிராக விசுவநாத் தம் ஒரே டெஸ்ட் இரட்டைச் சதத்தை அடித்த ஆட்டம் அது. யஷ்பால் சர்மாவோடு சேர்ந்து 316 ஓட்டங்கள் குவித்தார். அதை வாசித்தபோது அந்த அம்மாள், "ஆமாங்க, நான் ஆஸ்பத்திரியில இருந்தேன், ரேடியோவோட வராண்டாவுல உக்காந்திருந்தாரு" என்று முதன்முறையாகச் சிரித்தார்.

அடுத்த ஆண்டு ஜனவரியில் கராச்சியில் விசுவநாத் தம் கடைசி டெஸ்ட்டை ஆடினார். டப்பாவில் இருந்த படங்களில் பாதிக்கு மேல் அதற்குப் பின் சேர்த்தவை. உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் தேடி வாங்கியவை. ஆடிக்கொண்டிருப்பவரின் படத்தைச் சேர்ப்பவன் நாளைய ஆட்டத்தை எதிர்பார்க்கிறான். ஓய்வுபெற்றவரின் படத்தைச் சேர்ப்பவனுக்கு எதிர்பார்க்க ஒன்றுமில்லை. நடந்து முடிந்த நல்லதொன்றை மறந்துவிடக் கூடாது என்பதே அவன் கவலை.

அடியில் ஒரு நகல்தாள் கிடந்தது. மங்கலான நிழற்படம். 1980 பிப்ரவரியில் பம்பாயில் நடந்த பொன்விழா டெஸ்ட் பற்றிய கட்டுரை. விசுவநாத் அணித் தலைவராக இருந்த டெஸ்டுகள் இரண்டே; இது அவற்றுள் ஒன்று. முழுச் சூரிய கிரகணத்துக்காக ஓய்வு நாளையே மாற்றி வைத்த ஆட்டம்!

இங்கிலாந்து அணி 58 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்து தடுமாறிய நிலையில் போத்தமும் விக்கெட் காப்பாளர் பாப் டெய்லரும் சேர்ந்து ஆடினார்கள். கபில் தேவ் வீசிய ஒரு பந்தில் டெய்லர் ஆட்டமிழந்ததாக நடுவர் கையை உயர்த்தினார். டெய்லர் திகைத்து நின்றார். அருகே நின்றிருந்த விசுவநாத்துக்குப் பந்து மட்டையில் படவில்லை என்று தோன்றியது. நடுவரிடம் சென்று பேசி, டெய்லரைத் திரும்ப ஆட அழைத்தார். அந்த இருவரும் சேர்ந்து 171 ஓட்டங்கள் எடுத்தார்கள். போத்தம் 114 ஓட்டங்களும் 13 விக்கெட்டுகளும் எடுக்க, இந்தியா 10 விக்கெட்டுகளில் தோற்றது. நியாயம் செய்தவருக்குக் கிடைத்தது தோல்வி. இதுவும் எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை.

அந்த நகல்தாளின் பின்னால் எழுதியிருந்தது: "பழையது போயிற்று. உக்கடத்தில் இதழைக் கண்டு நகல் எடுத்தேன். போனால் என்ன, நடந்தது போகாது. வீட்டில் சொல்ல வேண்டாம், வருத்தப்படுவாள்."

நாம் அதை இருமுறை வாசித்தோம். அந்த அம்மாள் மூன்றாம் முறையும் வாசிக்கச் சொன்னார். அவர் எடைக்குப் போட்ட பையில்தான் அந்த இதழ் இருந்திருக்கிறது. இத்தனை ஆண்டுகளாகக் கணவரின் மௌனத்தைக் கோபம் என்று எண்ணி அவர் சுமந்து வந்திருக்கிறார். அவரோ மனைவி வருந்தக் கூடாதென்று மௌனமாக இருந்திருக்கிறார். ஒருவருக்கொருவர் ஒரு வாக்கியம் பேசியிருந்தால் போதும். பேசாமல் ஒருவர் கல்லறைக்குப் போய்விட்டார்.

ஜூன் மாதத்தில் மகளும் பத்து வயதுப் பேரனும் விடுமுறைக்கு வந்தார்கள். பேரன் நெகிழித்தாள் உறையிட்ட பேஸ்பால் அட்டைக் கட்டு ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தான். அவனுக்கு மிகப் பிடித்தவர் ராபர்ட்டோ கிளெமென்ட்டே. அவன் தாய் பிறப்பதற்கும் முன்பே மறைந்துவிட்டவர்! அவனிடம் இருந்தது விலை மலிந்த மறுபதிப்பு. "ஏனப்பா இவரை?" என்று கேட்டோம். பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகச் சொன்னான்.

பியூர்ட்டோ ரிக்கோ தீவில் பிறந்த கிளெமென்ட்டே 3,000 முறை பந்தை வெற்றிகரமாக அடித்தவர். 1972 டிசம்பரில் நிக்கராகுவா நாட்டின் தலைநகரை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. நிவாரணப் பொருள்களோடு தாமே விமானத்தில் புறப்பட்டார். டிசம்பர் 31 அன்று விமானம் கடலில் விழுந்து மாண்டார், வயது 38. "3,000 அட்டையில இருக்கு. ஏரோப்ளேன் இல்லை. அது எங்க டீச்சர் சொன்னது" என்றான் சிறுவன்.

அம்மிச்சி விடவில்லை. டப்பாவை எடுத்துவந்து, நாம் வாசித்துக் காட்டியதை ஒரு சொல் பிசகாமல் அவனுக்குச் சொன்னார். கிரிக்கெட்டைப் பற்றி ஒன்றும் அறியாதவர், டெய்லரைத் திரும்ப அழைத்த கதையைச் சொன்ன விதத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! சிறுவன் கேட்டான்:

"அப்புறம் ஜெயிச்சாங்களா, அம்மிச்சி?"

"இல்லை கண்ணு, தோத்துட்டாங்க."

"அப்ப அப்புச்சி எதுக்கு இதை வெச்சிருந்தாரு?"

"அதுக்குத்தான் வெச்சிருந்தாரு."

ஊருக்குப் புறப்படும்போது பேரன் கிளெமென்ட்டே அட்டை ஒன்றை டப்பாவில் வைத்துவிட்டு, மாற்றாகச் சேப்பாக்கத்துப் படத்தைக் கேட்டு வாங்கிச் சென்றான். பம்பாய் நகலை அம்மிச்சி தரவில்லை. அது அவருடைய செபப் புத்தகத்துக்குள் புனிதர் படங்களோடு இருக்கிறது. கூடாது என்று நாம் சொல்லவில்லை.

அன்புள்ள பெற்றோரே, உங்கள் பிள்ளைகளும் இன்று வீரர் படங்களை, அட்டைகளைச் சேர்க்கிறார்கள். பிரிக்காத பொட்டலத்துக்குள் எந்தப் படம் இருக்கிறதென்று தெரியாமல் வாங்குவது சீட்டுக் குலுக்கலுக்கு அண்டைவீடு. ஆகவே மாதத்துக்கு இவ்வளவு என்று வரையறை செய்யுங்கள். மீதியை நண்பர்களோடு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அதில் பேசவும், விட்டுக்கொடுக்கவும், ஏமாற்றாதிருக்கவும் பழகுவார்கள். என்றோ கோடி கிடைக்கும் என்ற ஆசையை மட்டும் ஊட்டாதீர்கள்.

சேர்ப்பவர்களுக்கு ஒரு சொல். உங்களுக்குப் பிடித்தவர் ஏன் பிடித்தவரானார் என்பதைப் படத்தின் பின்னால் எழுதி வையுங்கள். எழுதுவதோடு நில்லாமல், வீட்டில் இருப்பவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த நல்ல மனிதர் எழுதினார், சொல்லவில்லை. அது ஒன்றே அவருடைய குறை.

வீட்டைத் துப்புரவு செய்வோருக்கும் ஒன்று. பரணில் கிடக்கும் பையை எடைக்குப் போடுமுன், "இது என்ன?" என்று உரியவரிடம் கேளுங்கள். போட்டுவிட்டீர்களா? அப்படியானால் இன்றிரவு உணவின்போது அதையும் சொல்லிவிடுங்கள். நாளை வரை வைத்திருக்க வேண்டாம்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.